முட்டி வலியும் தார்ப்பாய்க் கடையும்

சென்னையில் ஏதாவது ஒரு தெருமுனையில் காய்கறி விற்கும், நாற்பது வயது தாண்டிய அக்கா ஒருவரிடம் "உடம்பு எப்படிக்கா இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள். முட்டி வலி, குறுக்கு வலி, கழுத்தைத் திருப்ப முடியலை, ராத்திரியில் கை மரத்துப் போகுது என்று வரிசையாக வரும். ஏன் என்று கேட்டால் காரணமும் தயாராக இருக்கும். வயசாகுதில்ல, வாயு பிடிச்சிருக்கு, பிரசவத்தப்போ முதுகுல ஊசி போட்டாங்களே, அதிலிருந்துதான். அந்த ஊசிக்கும் பல வருடம் நீடிக்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, ஆனாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. இருபது வருடமாகத் தரையில் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டு உட்கார்ந்து, மூட்டை தூக்கி, குனிந்து குனிந்து எடை போட்டது யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. வயதுக்கும் பங்கு உண்டு, உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வலியில் பெரும் பகுதி கடை இருக்கும் உயரத்தால் வருவது, அந்தக் கடை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு உடம்புக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் சரக்கின் பின்னாலேயே போவோம். சென்னையின் பழைய சந்தையான கொத்தவால்சாவடியில் இருந்த மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. கிட்டத்தட்ட 295 ஏக்கர், காய், பழம், பூ என்று தனித்தனிப் பகுதிகள். நள்ளிரவு தாண்டியதும் லாரிகள் வந்து நிற்கும், லோடுமேன்கள் முதுகிலும் தலையிலும் மூட்டைகளை இறக்கிக் கடைக்குள் அடுக்குவார்கள், விடிவதற்கு முன்பே சில்லறை வியாபாரிகள் வந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு நாளைக்கு 100 கிலோ சரக்கு எடுக்கும் ஒரு வியாபாரியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கடையிலிருந்து வண்டி வரை கூலிக்கு ஆள் கிடைக்கும். குட்டியானையிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏற்றுவதும், தன் இடத்தில் இறக்குவதும், பிரித்துக் கொட்டிப் பரப்புவதும், விற்காததை ராத்திரி மறுபடி சாக்கில் கட்டித் தூக்கி ஓரமாக வைப்பதும், அதையே மறுநாள் காலையில் திரும்ப எடுத்துப் பரப்புவதும் அவர் பாடு. 100 கிலோ சரக்கு என்பது அவர் உடம்புக்கு 300 கிலோவுக்கும் மேல் ஆகிவிடுகிறது. அதில் பெரும்பாலும் தரை மட்டத்திலிருந்து தூக்குவது, அல்லது தரை மட்டத்துக்கு இறக்குவது.

தரை மட்டம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முதுகுக்கு முக்கியம். குனிந்து, கையை முன்னால் நீட்டி 20 கிலோ பெட்டி ஒன்றைத் தூக்குகிறீர்கள். பெட்டி உங்கள் இடுப்பெலும்பிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய முதுகுத் தசையோ முதுகெலும்புக்குப் பின்னால் வெறும் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. கடப்பாரையால் கல்லை நெம்புகிறோமே, அதையே தலைகீழாகச் செய்வது மாதிரி. நீளமான பக்கத்தில் சுமை, குட்டையான பக்கத்தில் நம் பலம். ஒன்பது மடங்கு இழுக்க வேண்டும், அதாவது 180 கிலோ. இது பெட்டிக்கு மட்டும், குனிந்திருக்கும் மேல் உடம்பின் எடை தனி. இவ்வளவும் சேர்ந்து கீழ் முதுகில் இருக்கும் தட்டுகள் மேல் இறங்குகிறது. இதே பெட்டி இடுப்பு உயரத்தில் ஒரு பலகை மேல், வயிற்றோடு ஒட்டி இருந்தால் இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அந்தத் தட்டுகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த மனிதருக்கு முதுகுத் தட்டின் உட்பகுதியில் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு, அந்த ஊறலுக்கு அசைவும் அழுத்தம் குறையும் நேரமும் வேண்டும். ஒரேயடியாக உட்கார்ந்திருப்பதும் ஒரேயடியாகச் சுமப்பதும் இரண்டுமே அதற்கு ஆகாது. மூட்டுக் குருத்தெலும்பும் அப்படித்தான், அதில் ரத்த ஓட்டமும் இல்லை, வலியைச் சொல்லும் நரம்பும் இல்லை. அதனால் தேய ஆரம்பிக்கும்போது எதுவும் தெரியாது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன், திடீர்னு பிடிச்சிருச்சு" என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை. பிடித்தது திடீரென்றுதான், அதற்கு முந்தின பத்து வருடம் சத்தம் இல்லாமல் நடந்திருக்கிறது.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு உலக அளவில் சில எண்கள் இருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் கொடுத்த பரிந்துரை, வயது வந்த ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அதைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1990-களில் வெளியிட்ட கணக்கு இன்னும் கறாரானது. எல்லாமே சாதகமாக இருந்தாலும், அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, தொடை உயரத்தில், திரும்பாமல் வளையாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கினாலும், 23 கிலோதான் எல்லை. தரையிலிருந்து தூக்கினால், தள்ளி நின்று தூக்கினால், திரும்பித் திரும்பித் தூக்கினால் அந்த 23 மடமடவென்று குறையும். நம் சந்தையில் வெங்காய மூட்டை 50 கிலோ. இந்த எண்ணெல்லாம் தெரிந்த ஆள் சந்தைக்குள் வந்து நின்றால் அவருக்குத் தலை சுற்றும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த அறிவியல் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு. அதன் உயரத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் குனியாமல், ஆள் துணை இல்லாமல், தலையைச் சற்றே சாய்த்துச் சுமையைக் கல்லுக்கு மாற்றலாம், இளைப்பாறிவிட்டு அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சுமந்து நடப்பதைவிடத் தரைக்கு இறக்குவதும் தரையிலிருந்து ஏற்றுவதும்தான் ஆளைக் கொல்லும் என்று தெரிந்து செய்தவை அவை. சாலை போட்டோம், மார்க்கெட் கட்டினோம், பஸ் நிலையம் கட்டினோம், அந்த உயரத்தில் ஒரு மேடை கட்ட மட்டும் மறந்துவிட்டோம்.

மீன் விற்கும் பெண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன், ஐஸ், தண்ணீர் எல்லாம் சேர்ந்த அன்னக்கூடை 25, 30 கிலோ சாதாரணமாக வரும். தலையில் சும்மாடு வைத்து, "கொஞ்சம் ஒரு கை பிடிம்மா" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். தலைச்சுமை பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்கள் தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையில் சுமக்கும்போது கூடுதலாகச் சக்தியே செலவாவதில்லை என்று 1986-இல் வெளியானது. அதை வைத்துத் தலைச்சுமை உடம்புக்கு நல்லது என்று பேசுகிறவர்களும் உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 20 சதவீதம் என்றால் 10 கிலோ. நம் அன்னக்கூடை அதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. தவிர, சக்தி செலவாகவில்லை என்பதும் கழுத்தெலும்பு தேயவில்லை என்பதும் வெவ்வேறு விஷயம்.

அந்தப் பயணத்தில் மிக மோசமான நொடி எது என்று கேட்டால் நான் பஸ் படிக்கட்டு என்பேன். பழைய வகைப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கூடையைத் தலையிலிருந்து இறக்கி, கீழிருந்து அந்த உயரத்துக்குத் தூக்கி உள்ளே தள்ளி, பின்னாடியே ஏற வேண்டும், அதுவும் டிரைவர் கிளப்புவதற்குள். இடுப்பைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, அவசரமாக. முதுகுக்கு ஆகாதது என்று நயோஷ் கணக்கில் உள்ள அத்தனையும் ஒரே அசைவில் வந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவமானத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதுதான். பஸ்ஸில் ஏற்றாவிட்டால் அந்தச் சுமை மறுபடியும் ஒரு கழுத்தின் மேல்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் மறுபடி வந்தன. அவற்றின் தளம் 40 சென்டிமீட்டர்தான். அதே கூடையைப் பாதிக்கும் குறைவான உயரத்துக்குத் தூக்கினால் போதும். யாருக்காகவோ கேட்டு வாங்கியது இன்னொருவர் முதுகையும் காப்பாற்றுகிறது, ஆனால் மீன் கூடையை ஏற்ற விட்டால்தான்.

மீன் வெட்டிக் கொடுக்கிறவர்களின் பாடு வேறு. அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்து, ஒரு முட்டியை மடக்கி, கழுத்தைத் தொங்கப் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஊறிய கையால் வழுக்கும் மீனை இறுக்கிப் பிடித்து மணிக்கணக்கில் செதில் சுரண்டுவது. குளிர்ந்த விரலுக்குப் பிடிமானம் குறையும், அதனால் தேவைக்கு மேலே இறுக்கிப் பிடிப்போம், மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு அழுத்தப்படும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய், தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் அது பெரும்பாலும் இந்த நரம்புப் பிரச்சினைதான். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும், அதனால் அதையும் பார்த்துவிட வேண்டும். தள்ளுவண்டிக்காரர்களுக்கு இந்த மடக்கல் இல்லை, அவர்களுக்கு நாள் முழுக்க நின்று குதிகால் வலியும் காலில் நரம்புச் சுருட்டலும் வரும்.

சரி, இப்போது அந்த முட்டிக்கு வருவோம். தரையில் உட்காருவதே தப்பு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பாட்டிமார் எல்லோரும் தரையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். உட்கார்ந்து எழுந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். தெருவில் கடை போட்டவர் உட்கார்ந்தால் எழுவதில்லை. எழுந்து போனால் கடையை யார் பார்ப்பது, பணப்பையை எங்கே வைப்பது? போவதற்குப் பக்கத்தில் கழிப்பறையும் இல்லை. அதனால் பல பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள், அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் முட்டி முழுதாக மடங்கியே இருந்தால் முட்டிச்சில்லு கீழே உள்ள எலும்பை அழுத்திக்கொண்டே இருக்கும், ஜவ்வு நசுங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்தப் பரப்பு. தார்ப்பாயின் கடைசி மூலையில் கத்தரிக்காய் இருக்கும். வாடிக்கையாளர் அதைத்தான் கேட்பார். உட்கார்ந்தபடியே இடுப்பை வளைத்துத் திருப்பி எட்டி எடுக்க வேண்டும், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை.

இதற்கு ஒரு முக்காலி போட்டு, முன்னால் ஒரு பலகை மேசை வைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் நான் முன்பு சொன்ன வெளிக்காரணம் வருகிறது. மேசை போட்டால் ஆக்கிரமிப்பு என்பார்கள். மாநகராட்சி வண்டி வருகிறது என்று தகவல் வந்தால் தார்ப்பாயின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக்கிச் சந்துக்குள் ஓடலாம். மேசையோடு ஓட முடியுமா? தராசும் மேசையும் போய்விட்டால் திரும்ப வாங்க, கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரரிடம்தான் நிற்க வேண்டும். ஆகவே கடை எந்த உயரத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது விற்பவரின் வசதியோ பழக்கமோ இல்லை, எவ்வளவு வேகமாகக் கலைத்துக்கொண்டு ஓட முடியும் என்பதுதான். அந்தப் பயம்தான் முட்டியில் வலியாக இறங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது, இடம் ஒதுக்கச் சொல்கிறது, அகற்றுவதற்கு முன் 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியது என்றால் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவை என்றால் இரண்டு வேலை நாளுக்குள். தெருக்கடைகளுக்காக ஊர்தோறும் அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. தெருவில் நிலைமை என்ன என்பதை வியாபாரிகள் இன்னும் தார்ப்பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே சொல்லிவிடும். 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தைத் திருத்தித் துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தார்கள். நல்ல சட்டம், நாள் முழுக்க நின்ற கால்களுக்கு அது தேவை. ஆனால் அது முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களுக்கு. தெருவில் தன் கடையைத் தானே நடத்துபவருக்கு நாற்காலி போடச் சொல்ல முதலாளி கிடையாது, அதே காரணத்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் கிடையாது.

வலி குறைந்த ஒரு இடமும் உண்டு, அதை யாரும் சுகாதாரத் திட்டம் என்று சொல்லிக் கொண்டுவரவில்லை. கையில் தூக்கிப் பிடிக்கும் தராசு ஞாபகம் இருக்கிறதா? ஒரு தட்டில் ஒரு கிலோ படிக்கல், மறு தட்டில் ஒரு கிலோ காய், தராசும் தட்டும் சேர்த்து மொத்தம் மூன்று கிலோ வரும். கையை நீட்டிப் பிடித்தால் அது தோளிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும். தோளைத் தூக்கும் தசைக்குக் கிடைப்பதோ மூன்று சென்டிமீட்டர் அளவு நெம்புதூரம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு எடைக்கும் அந்தத் தசை 50 கிலோ போல இழுக்கிறது, முள் நேராகும் வரை அப்படியே அசையாமல் பிடித்திருக்கவும் வேண்டும். ஒரே கை, வருடக்கணக்கில். எலக்ட்ரானிக் தராசு வந்தபோது எல்லோரும் எடை சரியாக இருக்கிறதா என்பதைத்தான் பேசினார்கள். வலது தோளுக்கு அது செய்த உதவியை யாரும் எண்ணவில்லை. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து அந்தச் சந்தைகளில் விவசாயிகளுக்குத் தராசு சந்தை நிர்வாகமே கொடுப்பதுண்டு. ஒரு பொருள் மாறினால் ஒரு மூட்டு தப்பிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

வலி வந்தபின் என்ன நடக்கிறது? டாக்டர் ரெஸ்ட் எடுங்க என்பார். தண்டலுக்குத் தினமும் ஆள் வருவான், அவனிடம் ரெஸ்ட் என்று சொல்ல முடியாது. அதனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் நாலு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் டீயோடு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அது வலியை அமர்த்தும், தேய்மானத்தை நிறுத்தாது. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம் ஏறுதல், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அந்தச் சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம். வலி தெரியாததால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குவதும் நடக்கும். முழு ஓய்வும் மருந்தில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண முதுகு வலிக்குப் படுத்தே கிடப்பதைவிட முடிந்த அளவு நடமாடுவதும் முறையான பயிற்சியும்தான் நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தால், கால் பலவீனமானால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ வராமல் நின்றாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதில் ஒரு நாள் தாமதம்கூட ஆளை நிரந்தரமாக முடக்கிவிடலாம்.

இத்தாலி மருத்துவர் ரமாஸினி, 1700 வாக்கிலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்கள்" என்பதையும் சேர்க்கச் சொன்னார். நம் புற நோயாளி வரிசையில் ஒரு ஆளுக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அந்தக் கேள்விதான் முதலில் விட்டுப்போகிறது. தொழிலைக் கேட்காவிட்டால் "வெயிட் குறைங்கம்மா, மாடிப்படி ஏறாதீங்க" என்ற அறிவுரைதான் கிடைக்கும். மாடியே இல்லாத வீட்டில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்?

நாமே செய்யக்கூடியவை சில உண்டு. 50 கிலோ மூட்டையை இரண்டாகப் பிரித்துக் கட்டித் தரச் சொல்வது, காலி பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டை அடுக்கி அதன் மேல் தட்டைப் பலகை போட்டுச் சரக்கை ஒன்றரை அடியாவது உயர்த்துவது (பெட்டியும் பலகையும் ஓடும்போது கையில் வரும்), ஒரு சின்ன முக்காலி, அடிக்கடி விற்கும் தக்காளி வெங்காயத்தைக் கைக்கு அருகில் வைப்பது, பக்கத்துக் கடைக்காரரோடு பேசி வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி எழுந்து நடப்பது. வாங்கப் போகிறவர்களும் குனிந்து தாங்களே பொறுக்கிக் கொடுத்தால் அவருக்கு ஒரு எட்டல் மிச்சம்.

ஆனால் பெரிய வேலை மார்க்கெட் கட்டுகிறவர்களுடையது. மெரினா லூப் சாலை மீன் கடைகள் 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பிரச்சினையானது, பிறகு 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு புது மார்க்கெட் திறந்தார்கள். இப்படி எந்த ஊரில் மார்க்கெட் கட்டினாலும் கடை எத்தனை, செலவு எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பது செய்தியில் வரும். மேடையின் உயரம் என்ன, மீன் வெட்டுகிறவர் நின்று வெட்டலாமா, உட்கார்ந்தால் காலை நீட்ட இடம் இருக்கிறதா, வண்டியின் பின்தட்டும் இறக்கும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, சக்கர வண்டி உள்ளே வர சரிவுப் பாதை உண்டா, கழிப்பறை எத்தனை அடி தூரம் என்பவை வரைபடம் போடும்போதே விற்பவர்களிடம் கேட்கப்பட வேண்டியவை. விற்பனைக் குழுவில் இடம் பெற்றிருக்கும் வியாபாரிகள் அடுத்த கூட்டத்தில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், எங்கள் மேடை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அளவு இதுதான் என்று எழுத்தில் கொடுக்கலாம். அந்தக் கோரிக்கைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.